மூன்றாவது போத்தல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கல்முனையில் மிருக வைத்தியராக இருந்த காலத்தில் கடும்பு தின்ற கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்கள் பாட்டில் போங்கள்.

கடும்பு தெரியும்தானே? மாடு கன்று போட்டதும் கறக்கிற முதற்பால். சில ஊரில் சீம்பால் என்பார்கள். மஞ்சள் பூத்து, தடிப்பாக, விரலில் தொட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே கட்டியாகிவிடும். சீனியும் ஏலக்காயும் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்ன மனிதரை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்ட வீடு அதைத் தனியாகத் தின்னாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு கோப்பை போகவேண்டும். கொடுக்காமல் விட்டால் மாட்டின் மடியில் கண்ணூறு விழும் என்று பயம். நான் வந்த பிறகு அந்தப் பட்டியலின் தலையில் இன்னொரு வீடு சேர்ந்தது. அது என் குவாட்டர்ஸ். முதல் கோப்பை டொக்டருக்கு.

எண்பதுகளின் தொடக்கம் அது. சூறாவளி அடித்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. செத்த மாடுகளுக்குப் பதிலாகக் கலப்பின மாடுகள் ஒவ்வொன்றாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. நான் பேராதனையில் படித்து முடித்து வந்த கையோடு இருந்தேன். கட்டைப் பிரம்மச்சாரி, சமைக்கத் தெரியாது. வாரத்தில் இரண்டு மூன்று கோப்பை கடும்பு வரும். மனம் கோணாமல் தின்றேன். கல்முனையில் என்னளவு கடும்பு தின்றவன் எவனும் இருக்கமாட்டான்.

அதே காலத்தில் கன்றுகளும் செத்துக்கொண்டிருந்தன. பிறந்து ஒரு கிழமை, பத்து நாள் போனதும் வெள்ளையாகக் கழிச்சல் தொடங்கும். கண் உள்ளே போய்விடும், காது தொங்கிவிடும், மறுநாள் கன்று இல்லை. குளிசை கொடுத்தேன், ஊசி போட்டேன், சேலைன் ஏற்றினேன். தொழுவம் ஊத்தை, அதுதான் காரணம் என்று வீடு வீடாகப் பிரசங்கம் செய்தேன். பாவம், சனங்கள் சுண்ணாம்பு போட்டுக் கழுவினார்கள். கழுவிய தொழுவத்திலும் கன்று செத்தது. பதிவுப் புத்தகத்தில் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். அங்கேயிருந்து ஒரு கோப்பை வரும்.

மைமூனா ராத்தாவின் மாடும் அப்படி ஒரு கன்றைப் பறிகொடுத்தது. எங்கள் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். அவவுடைய கணவர் அலியாருக்குச் சூறாவளியில் தென்னை விழுந்து இடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். அந்த வீட்டின் உலை கொதித்தது ஒரு செவலைப் பசுவினால். இரண்டு தேத்தண்ணிக் கடைக்கும் நாலைந்து வீட்டுக்கும் பால் கொடுத்து அவ அந்த மனுசனைப் பார்த்தாள். இதில் ஒரு விசயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் ஊர் மாடு மெசினுக்கும் பால் கொடுக்கும். எங்கள் மாட்டு ரத்தம் கலந்தது அப்படி இல்லை. கன்று வந்து மடியை முட்டினால்தான் பாலை இறக்கும். கன்று செத்தால் பாலை மேலே பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டு மூன்று கிழமையில் வற்றிப்போகும். ஆகவே அந்த வீட்டில் கன்று செத்தால் அடுப்பும் அணைந்த மாதிரி.

கன்று செத்த அன்று நான் அங்கே போய் அட்டை நிரப்பினேன். மேலிடத்திலிருந்து புது அட்டை ஒன்று அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி, பிறந்த கன்றுக்கு முதல் உணவு என்ன என்று. அந்த வரியை நான் எப்போதும் ‘தாய்ப்பால்’ என்று நானே நிரப்பிவிடுவேன். அன்றைக்கு ஏனோ வாய் விட்டுக் கேட்டேன்.

“கண்டு என்னத்தக் குடிச்ச, ராத்தா? பிறந்த உடன?”

“ஒண்டும் குடிக்கல்ல, டொக்டர். இளங்கொடி விழும் வரைக்கும் கண்டை விடக்கூடாதுதானே. விட்டாக் கொடி உள்ளுக்குப் போயிரும் எண்டு சொல்லுவாங்க. கொடி விழுந்த பிறகும் ரெண்டு நாளைக்குக் கடும்பு குடுக்கல்ல. கடும்பு கண்டுக்குக் கடூரம், வயித்தால போகும். அத எல்லாம் ஒழுங்கா வீடுகளுக்குக் குடுத்திட்டன். முதல் கோப்பை உங்களுக்குத்தானே அனுப்பின?”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று கணக்காகச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஏனென்றால் எனக்கு இது தெரியும், பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவன் நான். மனுசப் பிள்ளைக்கு நோயெதிர்ப்பு வயிற்றில் இருக்கும்போதே கொடி, அதாவது நஞ்சுக்கொடி, வழியாகப் போய்ச் சேரும். மாட்டின் கொடி அதை விடாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. நீங்கள் பிறபொருளெதிரி என்று படித்திருப்பீர்களே, அந்தப் புரதம் அத்தனையும் கடும்பில் இருக்கிறது. பிறந்த கன்றின் குடல் முதல் ஆறு மணித்தியாலம் அதைச் செரிக்காமல் முழுசாகவே இரத்தத்துக்குள் விடும். அரை நாளில் பாதி மூடிவிடும். ஒரு நாள் போனால் கதவு சாத்தியாயிற்று. அதற்குப் பிறகு கொடுத்தால் வெறும் சாப்பாடு. இவ்வளவும் தெரிந்த ஆள்தான் அந்தப் புரதத்தைச் சீனி போட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த ஒரு வருசம் கடற்கரை ஊர்களிலும், உள்ளே வயல்பக்கத்து ஊர்களிலும் நான் வேறு பிரசங்கம் செய்தேன். கன்று பிறந்ததும் மடியில் விடுங்கள், கொடி விழும் வரை காக்க வேண்டாம். கன்று பிறந்ததிலிருந்து அது வயிறு முட்டக் குடிக்கும் வரை ஒரு சொட்டும் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மிஞ்சினால் பிறகு பார்க்கலாம். டொக்டர் கடும்புக்குத் தடை போட்டுட்டார் என்று சந்தையில் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும். அட்டையிலும் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன், பிறந்து எவ்வளவு நேரத்தில் குடித்தது என்று. எவராவது கோப்பையோடு வந்தால் முதலில் கேட்பேன், கண்டு குடிச்சதா? குடித்தது என்றால்தான் கரண்டியை எடுப்பேன். கன்றுகள் சாவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. எனக்குத் தலைக்கனமும் கண்ணுக்குத் தெரியக் கூடியது.

மைமூனா ராத்தாவின் செவலை மறுபடி சினைப்பட்டு மாரி காலத்தில் கன்று போட இருந்தது. ஒரு வருசமாக அவ அடுத்த வீட்டு நெல்லை அவித்துக் குத்திக் கொடுத்துத்தான் அலியாருக்குக் கஞ்சி வைத்திருந்தாள். இந்தக் கன்றும் போனால் மாட்டை இறைச்சிக்குத்தான் விற்கவேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள், உள்ளே படுத்திருந்த மனுசனுக்குக் கேட்காமல்.

அந்த நாளைச் சொல்கிறேன். காலையில் மிருக வைத்தியக் கந்தோர் திறக்கும்போதே சொறிக்கல்முனையிலிருந்து சவரிமுத்து அண்ணன் சைக்கிளில் வந்து நின்றார். நாலு ஏக்கர் வயலும் இரண்டு மாடும் உள்ள கமக்காரர். அதிர்ந்து பேசமாட்டார்.

“விடியக் கண்டு போட்ட ஐயா. இன்னும் கொடி விழல்ல. கொஞ்சம் வந்து பார்ப்பீங்களா?”

“அரை நாள் பொறுக்கலாம் அண்ணே. தானா விழும். விழாட்டி நான் வாறன்.”

வைத்தியமாகப் பார்த்தால் சரியான பதில்தான். அவர் தலையாட்டிவிட்டு, ஏதோ கேட்க வந்தவர் போல ஒரு தரம் நின்று, பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் போய்ச் சுணங்கவில்லை, மைமூனா ராத்தாவின் பக்கத்து வீட்டு ஆசியா மாமி மூடிய கோப்பையோடு வந்தா.

“மைமூனா தந்த. சூட்டோட தின்னுங்க, டொக்டர்.”

“கண்டு குடிச்சதா?”

“அல்லாஹ் அறிய, கண்டுட பால்ல அவ ஒரு சொட்டும் எடுக்கல்ல. நீங்க சொன்ன சொல்லுக்கு மாறா ஒண்டும் செய்யல்ல.”

சந்தோசமாக இரண்டு கரண்டி தின்றேன். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“என்ன கண்டு? நாகா, நாம்பனா?”

“நல்ல கதை! இன்னும் போடவே இல்லியே. இப்பதான் தண்ணிக்குடம் உடைஞ்ச.”

கரண்டி கையில் அப்படியே நின்றது. மாமி விளக்கம் சொன்னா. செவலைக்கு மூன்று நாளாக மடி வீங்கிப் பால் தானாக ஒழுகியதாம். கன்று பிறந்த பிறகுதானே ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது? பிறக்க முதல் ஒழுகுவது மண்ணில் போகிற பால்தானே? போன வருசம் கன்று செத்ததற்கு, யாரோ ஒரு வீட்டுக்குப் பங்கு போகாத கண்ணூறுதான் காரணம் என்று சிலர் கதைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் மைமூனா மூன்று நாளும் ஒட்டக் கறந்து ஏழு வீட்டுக்கும் கொடுத்து முடித்துவிட்டாள். எட்டாவது கோப்பை என் கையில்.

பிழை அவவுடையது இல்லை. மாட்டின் இரத்தத்திலிருந்து அந்தக் காவல் புரதம் மடிக்கு இறங்குவது கன்று பிறப்பதற்கு முந்திய கிழமைகளில். பிறக்கிற அன்றைக்கு அது ஏற்கெனவே அங்கே சேர்ந்து இருக்கிறது. அதை முன்கூட்டியே கறந்தால் திரும்ப ஊறாது, வருவது வெறும் பால். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கன்று பிறந்ததிலிருந்து என்று என் வாயால் ஒரு வேலி போட்டேன், வேலிக்கு இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. சனங்கள் கேட்கமாட்டார்கள் என்றுதான் நாம் குறை சொல்லுவோம். சொன்னதைச் சொன்னபடி கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்து வையுங்கள்.

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனேன். நான் போய் ஒரு மணித்தியாலத்தில் கன்று பிறந்தது. நல்ல நாகு, பெண் கன்று, செவலைத் தோல், நெற்றியில் வெள்ளை. மைமூனா ராத்தா துணியால் துடைத்துத் துடைத்து அழுதாள். நான் மடியில் கை வைத்து ஒரு பீச்சுப் பீச்சிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று தண்ணீர் மாதிரி வந்தது. விரலில் ஒட்டவே இல்லை.

“டொக்டர், ஏன் முகம் அப்படிப் போச்சு?”

சொன்னேன். மறைத்து என்ன பயன்? அவ கையிலிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க பிறந்த பிறகெண்டுதானே சொன்ன?”

“ஓம் ராத்தா. நான்தான் அப்படிச் சொன்ன.”

“அப்ப இதுவும் சாகுமா?”

சாகாமல் காக்க ஒரு வழி இருந்தது. வேறு மாட்டின் கடும்பு கிடைத்தால் போதும், எந்தத் தாய் என்று குடல் பார்க்காது. ஆனால் இன்றைக்குக் கன்று போட்ட மாடு வேண்டும், அதுவும் மத்தியானத்துக்குள். இன்றைக்கு உங்களுக்கு உறைபெட்டி இருக்கிறது, மிஞ்சியதைப் போத்தலில் அடைத்துப் பெயர் ஒட்டி வைக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்தது மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு குளிர்சாதனப் பெட்டி, அதற்குள் தடுப்பூசி. யோசித்தேன். அடச்சே, காலையில்தானே சவரிமுத்து அண்ணன் வந்து விடியக் கண்டு போட்ட என்றார்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிட்டங்கித் தாம்போதியில், அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு மேலால், வெள்ளம் முழங்கால் அளவுக்குப் பாய்ந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரு பக்கம் பிடிக்க, உருட்டிக்கொண்டு கடந்தேன். அப்பால் சேறு. சவரிமுத்து அண்ணனின் வளவுக்குள் நுழையும்போது பத்தே முக்கால் இருக்கும். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

“சொல்லாமலே வந்திட்டீங்க ஐயா!”

மாட்டைப் பார்த்தேன். கொடி பாதி தொங்கிக்கொண்டு நின்றது, காய்ச்சல் இல்லை. பொழுதுபட விழும், பயப்படவேண்டாம் என்றேன். பக்கத்தில் ஓர் அலுமினியப் பானை, வாழையிலை போட்டு மூடியிருந்தது. இலையை நீக்கினேன். ஆகா, மஞ்சள் கட்டியாகக் கடும்பு. புளியமரத்தடியில் கன்று தனியாகக் கட்டியிருந்தது, கத்திக்கொண்டு நின்றது. அது என் காதில் விழுந்தது. விழுந்தது என்பதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

“அண்ணே, இந்தப் பால் எனக்கு வேணும்.”

“எவ்வளவு ஐயா?”

“எல்லாம்.”

அவர் கன்றுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மூன்று போத்தலைச் சுடுதண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து, சிந்தாமல் ஊற்றி, வாழைச்சருகால் அடைத்து, ஓர் உமல் பையில் வைத்தார். வழியில் கண்படாமல் இருக்க ஒரு அடுப்புக்கரித் துண்டையும் பைக்குள் போட்டார். கன்றைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வையையும் நான் கண்ணூற்றுப் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு கண்டு சாகக் கிடக்கு, அவசரம், நாளைக்கு வாறன் என்று சொல்லிப் புறப்பட்டேன். அவர் கடப்படி வரை வந்து, தாம்போதியில் கவனம் ஐயா என்றார்.

திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. மைமூனா ராத்தாவின் வீட்டுக்கு வந்து சேர மத்தியானத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொன்னார்கள். கன்று பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்லாய் நேரம் இருந்தது. நான் கன்றின் தொப்புளுக்கு மருந்து பூசக் குந்தினபடி சொன்னேன், “பால் குளிர்ந்து கிடக்கு ராத்தா, கொஞ்சம் சூடு காட்டுங்க.”

கல்முனையில் பச்சைப் பாலை யார் யாருக்குக் கொடுப்பார்கள்? அவ ஒரு போத்தலைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் கையைக் கழுவித் திரும்பும்போது “அல்லாஹ்வே, கட்டிப்போச்சு டொக்டர்!” என்ற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டிக்குள் நல்ல அருமையான கடும்பு. முட்டை வெள்ளை சூட்டில் கட்டியாவது மாதிரித்தான் இதுவும். எந்தப் புரதம் கன்றைக் காக்கவேண்டுமோ அதுதான் அங்கே கட்டியாகி நிற்கிறது. அது குடலுக்குள் முழுசாகப் போகாது. ஒரு போத்தல் போயிற்று.

நான் ஏசிவிட்டேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மண்டையில் ஏறாதா என்று, இன்னும் நாலு சொல்லும். உள்ளேயிருந்து அலியார் காக்காவின் குரல் வந்தது.

“டொக்டர், அவள ஏசாதீங்க. சூடு காட்டச் சொன்னது நீங்கதான். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

மிச்சம் இரண்டு போத்தலையும் சுடுதண்ணீர்ப் பானைக்குள் நிறுத்தி, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சூப்பியை வாங்கிப் பொருத்தினேன். கன்று முதலில் வாயைத் திறக்க மறுத்தது. விரலை விட்டு நாக்கைத் தடவித் தடவிச் சூப்பியைக் கொடுத்தேன். பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், போத்தலையே இழுத்துவிடும் போல. இரண்டையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு நெற்றியால் என் நெஞ்சில் முட்டியது. சின்னக் கன்று, அந்த அளவு அதற்குப் போதும். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“காலத்தால இருந்து நீங்க ஒண்டும் தின்னல்லியே,” என்று மைமூனா ராத்தா அந்தச் சட்டியை எடுத்தாள். கட்டியானதில் சீனி தூவி ஒரு பீங்கானில் போட்டு என் முன்னால் வைத்தாள். “இதாவது வீணாப் போகவாணாம்.” ஏசின ஆளுக்கு மரியாதை செய்கிறாள். பசி வேறு. முழுவதையும் தின்று பீங்கானை வழித்தேன். அவ்வளவு ருசியான கடும்பு அதற்கு முதல் நான் தின்றதில்லை.

செவலையின் கன்று தப்பியது. ஆறாம் நாள் கொஞ்சம் இளகிக் கழிந்தது, மறுநாள் துள்ளிக்கொண்டு திரிந்தது. மாடு பாலை இறக்கியது. தேத்தண்ணிக் கடைகளுக்கு மறுபடி பால் போயிற்று. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் சொல்வதற்கு நான் இந்தக் கதையைக் குறிப்பெடுத்து வைத்தேன். நெருக்கடியில் எடுத்த முடிவு என்று தலைப்பும் போட்டுவிட்டேன்.

சொறிக்கல்முனைக்கு நாளைக்கு வருகிறேன் என்றவன் வெள்ளத்தைச் சாட்டி மூன்றாம் நாள்தான் போனேன். கொடி அன்று பொழுதுபடவே விழுந்துவிட்டதாம், மாட்டுக்கு ஒரு குறையுமில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் சவரிமுத்து அண்ணன் மறுபடி கந்தோர் வாசலில் நின்றார். கன்றுக்கு வெள்ளையாகக் கழிகிறது என்றார். சேலைனோடு போனேன். என் கண் முன்னாலேயே, புளியமரத்தடியில், அது காலை நீட்டிவிட்டது.

அட்டையை எடுத்தேன். நானே கையால் எழுதிச் சேர்த்த வரிக்கு வந்ததும் கேட்டேன்.

“பிறந்து எவ்வளவு நேரத்தில குடிச்சது அண்ணே?”

“கொடி விழுந்த பிறகுதான் ஐயா. பொழுதுபட்டுட்டு. மடியிலயும் அப்ப பெரிசா ஒண்டும் இருக்கல்ல.”

பேனா ஓடவில்லை. கொடி விழவில்லை என்று சொல்லத்தானே அவர் என்னிடம் வந்தார். கொடி விழாத வீட்டில் கன்றை மடியில் விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்து திரிந்தவன் நான். வேறு எவர் கோப்பையோடு வந்தாலும் கண்டு குடிச்சதா என்று கேட்பேன். அன்றைக்குப் போத்தலைக் கேட்டவன் நான், ஆகவே கேள்வி கேட்க ஆள் இருக்கவில்லை.

“நான் கறந்து வெச்சிருந்ததே அதுக்குத்தான் ஐயா,” என்றார் அவர் மெதுவாக. “போன வருசம் கூட்டத்தில சொன்னீங்களே, கொடி விழும் வரைக்கும் காத்திருக்காமக் குடுங்க எண்டு. மனுசி வேணாமெண்டா. எனக்கும் பயம். அதுதான், உங்களக் கேட்டுட்டுக் குடுப்பமெண்டு அண்டைக்குக் காலத்தால வந்தன். கந்தோரில கேக்கக் கூச்சமாப் போச்சு. மறுகா நீங்களே வந்து எல்லாப் பாலையும் கேட்டீங்க. டொக்டரே கொண்டு போறார் எண்டா இது கண்டுக்குத் தேவையில்லாததாக்கும் எண்டு நினைச்சன்.”

“ஏன் அண்ணே ஒரு சொல்லுச் சொல்லல்ல?”

“நீங்க ஒரு சொல்லுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் ஐயா. ரெண்டு போத்தலத் தந்து ஒண்ட இதுக்கு வெச்சிருப்பன்.”

அவர் குனிந்து கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் எடுத்தது. கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்.

“அங்க அந்தக் கண்டு தப்பிட்டா?”

“ஓம் அண்ணே. நல்லாயிருக்கு.”

“மூண்டு போத்தலும் குடிச்சதா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்று ஒரு சொல், அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல்.

“ரெண்டுதான்,” என்றேன். “மற்றது அடுப்பில கட்டிப்போச்சு. அத நான் திண்டுட்டன் அண்ணே.”

சவரிமுத்து அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருக்கும் என்று தேடினேன், இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“காலத்தால இருந்து மழைக்குள்ள அலைஞ்ச நீங்கதானே,” என்றார். “பசியில திண்டிருப்பீங்க, ஐயா.”